எண்ணாமல் ஒரு வாய் தண்ணீர்

என் மகள் பவித்ராவுக்கு ஒன்பது வயது. இந்த மாம்பழ சீசனில் பதினேழு நாள் அவளோடு ஆஸ்பத்திரியில் இருந்தோம். நாலு நாள் சித்தூரில், மீதி நாள் திருப்பதியில். இப்போது வீட்டில் இருக்கிறாள், பள்ளிக்கூடம் போகிறாள். மாதம் ஒரு முறை திருப்பதிக்குக் கூட்டிப்போய் டாக்டரம்மாவிடம் காட்டுகிறோம். முழுக்கக் குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சில நாள் நன்றாக இருக்கிறாள், சில நாள் இல்லை.

மாங்கூழ் ஃபேக்டரியில் என்னோடு வேலை செய்கிற ஒருவர், தன் இரண்டாவது பிள்ளையும் இப்படி ஏதேதோ செய்வதாகச் சொல்லி, "இன்னாய்யா ஆச்சு உன் பொண்ணுக்கு, வெவரமாச் சொல்லேன்" என்று இரண்டு முறை கேட்டார். "இப்ப பரவால்ல" என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. ஒருவர் முன்னாலும் அப்படித்தான். நகரி பக்கத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரை படித்ததால் எழுத மட்டும் வரும். அதனால் அவருக்காக இதை எழுதுகிறேன். வேறு யாருக்காவது உதவினாலும் சரி.

மூன்று வயதிலேயே பவிக்கு எல்லாம் நேற்று மாதிரியே இருக்க வேண்டும். அதே தட்டு, அதே மூலை. தோசையைக் கிழித்துப் போட்டால் அழுவாள், முழுசாகத்தான் போட வேண்டும். எல்லாக் குழந்தையும் அந்த வயதில் அப்படித்தான் என்று டாக்டரம்மா பிறகு சொன்னார். ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வது குழந்தைக்கு ஒரு பிடிமானமாம். பள்ளிக்கூடம் போகிற வயதில் பெரும்பாலும் தானாக உதிர்ந்துவிடுமாம்.

பவிக்கு உதிரவில்லை. ஏழு வயதில் வாசற்படியை நாலு முறை தட்டாமல் வெளியே போக மாட்டாள். செருப்பை ஜோடி சேர்த்து வைத்துவிட்டு, திரும்பி வந்து மறுபடியும் சேர்ப்பாள். சோறு நாலு மெல்லு மென்று ஒரு விழுங்கு. நடுவில் யாராவது பேசிவிட்டால் வாயில் இருப்பதைத் துப்பிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள். தெருப் பிள்ளையாரை மற்றவர்கள் மூன்று சுற்றுச் சுற்றினால் இவள் "சரியா வரல" என்று சுற்றிக்கொண்டே இருப்பாள். எங்கள் தெருவில் அவளுக்கு "சாமிப் பொண்ணு" என்று பேர். என் மனைவி அமுலுவுக்கு அதில் பெருமை. எனக்கும்தான். பொய் சொல்வானேன்.

பள்ளிக்கூடத்தில் வேறு பேர். போர்டில் இருப்பதை எழுதுவாள், அழிப்பாள், மறுபடி எழுதுவாள், தாள் கிழிகிற வரைக்கும். டீச்சர் எங்களைக் கூப்பிட்டு, "பாப்பா ஸ்லோ. புத்தி கொஞ்சம் மட்டு. வேற ஸ்கூல் பாருங்க" என்று தெலுங்கில் சொன்னார். அமுலு வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தாள். நான் பக்கத்தில் நடந்து வந்தேன், அவ்வளவுதான்.

அமுலுவின் தம்பி கோவிந்தன் சித்தூரில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். ஒரு காலத்தில் மூக்கு முட்டக் குடிப்பான். மூன்று வருடத்துக்கு முன்னால் காணிப்பாக்கம் போய்ச் சத்தியம் செய்துவிட்டு வந்தவன், அதற்குப் பிறகு ஒரு சொட்டுத் தொடவில்லை. எங்கள் பக்கத்தில் இது வழக்கம். கோயில் குளத்தில் முழுகி, ஈரத் துணியோடு விநாயகர் முன்னால் நின்று சொன்னால் அது சத்தியம். திருட்டு வழக்கு, பங்காளிச் சண்டை எல்லாம் அங்கே தீரும். பொய் சொன்னவனையும் வாக்கு மீறியவனையும் அந்தச் சாமி விடாது என்று எல்லோரும் நம்புகிறோம். குடியை விட அங்கே போகிறவர்கள் நிறைய.

"மாமா, நான் உட்டேனா இல்லியா? டாக்டர் ஊசி போட்டாரா? ஒன்னும் இல்ல. சாமி முன்னாடி நின்னேன், அவ்ளோதான். பாப்பாவையும் ஒருக்கா கூட்டிக்கினு போலாம் வா" என்றான்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவன் ஆட்டோவிலேயே போனோம். அமுலு வரவில்லை. பவி குளத்தில் முழுகினாள். நடுங்கிக்கொண்டே வரிசையில் நின்றாள். சாமி முன்னால், நாங்கள் சொல்லிக்கொடுத்தபடி, "இனிமே எண்ண மாட்டேன். தட்ட மாட்டேன்" என்றாள்.

திரும்பும்போது நானும் அவளும் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தோம். கோவிந்தன் வண்டி ஓட்டுகிற சத்தத்தில் அவனுக்கு எதுவும் கேட்காது.

"மீறிட்டா இன்னா ஆவும் நைனா?" என்று கேட்டாள்.

எனக்கு உடனே பதில் வருவது அபூர்வம். அன்றைக்கு வந்தது. "நைனாவுக்குத்தான் ஆவும். பாத்துக்கோ" என்றேன். என் மேல் அவளுக்கு ஆசை அதிகம். அந்த ஆசை அவளைப் பிடித்து நிறுத்தும் என்று நினைத்தேன்.

இரண்டு நாள் நன்றாக இருந்தாள். படியைத் தட்டவில்லை. அமுலு பாயசம் வைத்தாள். மூன்றாம் நாள் தட்டில் பாதி சோறு மிஞ்சியது. நாலாம் நாள் தட்டைத் தள்ளிவிட்டாள். பிறகு தண்ணீரும் வேண்டாம் என்றாள். எச்சிலைக்கூட விழுங்காமல் ஒரு துண்டில் துப்பிக்கொண்டே இருந்தாள். பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள்.

சித்தூர் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். தொண்டையில் வலியா என்று கேட்டால் இல்லை என்று தலையாட்டுவாள். வயிற்றிலா? இல்லை. பிறகு ஏன் சாப்பிடவில்லை? என்னைப் பார்ப்பாள். நாலாம் நாள், உடம்பில் நீர் வற்றியதில் சிறுநீரகம் சிரமப்படுகிறது, திருப்பதிக்குக் கொண்டு போங்கள் என்று ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள்.

திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரி. ரேஷன் கார்டு இருந்ததால் வார்டுக்குக் காசு கேட்கவில்லை. காத்திருப்பதுதான் பெரிய வேலை. மலைக்கு வந்த இடத்தில் காய்ச்சல் கண்ட குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். நர்ஸ் வந்து "அந்த மொட்டைப் பாப்பா யாரு, வா" என்று கூப்பிட்டால் ஆறு மொட்டைத் தலை நிமிரும். முதல் நாள் சிரிப்பு வந்தது. மூன்றாம் நாள் வரவில்லை.

முதலில் சுண்ணாம்பு மாதிரி ஒரு மருந்தைக் குடிக்க வைத்துப் படம் எடுப்போம் என்றார்கள். மருந்து தொண்டையில் இறங்குகிற வழி அதில் தெரியுமாம். அவள் குடித்தால்தானே. வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். பிறகு மயக்க மருந்து கொடுத்து, நுனியில் கேமரா வைத்த மெல்லிய குழாயைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்தார்கள். அடைப்பு இல்லை, புண் இல்லை, கட்டி இல்லை. நல்ல செய்திதான். ஆனால் கட்டி என்றால் அறுத்து எடுப்பார்கள். ஒன்றுமில்லை என்றால் என்ன செய்வார்கள்?

அதற்குப் பிறகுதான் மனநலப் பிரிவிலிருந்து டாக்டரம்மா வந்தார். தெலுங்குக்காரர். வேலூரில் படித்தவர் என்பதால் தமிழ் நன்றாகப் பேசினார். அமுலு பழசையெல்லாம் சொன்னாள். தட்டுவது, மெல்வது, சுற்றுவது, காணிப்பாக்கம் போய்ச் சத்தியம் வைத்தது.

"அங்க யாராவது குழந்தையைப் பயமுறுத்தினாங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"இல்லீங்க மேடம். சாமி கும்பிட்டதுக்கு அப்பறம் ரெண்டு நாள் தங்கமா இருந்தா" என்றாள் அமுலு.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "இல்லீங்க" என்றேன்.

மறுநாள் ஸ்வாதி மேடம் என்ற சின்ன வயதுப் பெண் வந்து பவிக்குச் சில சோதனைகள் வைத்தார். நான் சுவரோரம் நின்று பார்த்தேன். நம்பர்களைச் சொல்லி, பின்னாலிருந்து திருப்பிச் சொல்லச் சொன்னார். பவி அஞ்சு நம்பர் வரை கடகடவென்று சொன்னாள். எனக்கு மூன்றே தவறிப்போயிருக்கும். பிறகு ஒரு கட்டுச் சீட்டு. சிவப்பு இலை, மஞ்சள் இலை, சிவப்புப் பறவை, மஞ்சள் பறவை. நிறம் பார்த்துப் பிரி என்றார். பிரித்தாள். இனி நிறத்தை விட்டுவிடு, உருவம் பார்த்துப் பிரி என்றார். அங்கேதான் சிக்கியது. "இப்ப இன்னா பாக்கணும்?" என்று கேட்டால் "உருவம்" என்று சரியாகச் சொல்கிறாள். கை மட்டும் நிறத்துக்கே போகிறது. போன கையைத் தானே பார்த்துவிட்டுத் திரும்ப எடுக்கிறாள். மறுபடியும் அங்கேயே போகிறது.

"இவளுக்குப் புத்தி குறைவில்லை. ஞாபகம் நல்லாவே இருக்கு. ஒன்னுலேர்ந்து இன்னொன்னுக்கு மாறுற இடத்துல மனசு மாட்டிக்குது. இந்த மாதிரி ஒன்னையே திரும்பத் திரும்பச் செய்யிற பிள்ளைங்கள்ல சில பேருக்கு இப்படி இருக்கும்" என்றார் ஸ்வாதி மேடம்.

எனக்கு அது உடனே புரிந்தது. எங்கள் ஃபேக்டரியில் பெங்களூரா ரக மாங்காய் ஓடிக்கொண்டிருக்கும் லைனில் அல்போன்சா ரகத்தை விட வேண்டுமென்றால் அப்படியே கொட்ட முடியாது. லைனை நிறுத்தி, தொட்டியிலிருந்து குழாய் வரை கழுவி, பழைய வாசனை போகிறவரை காத்திருக்க வேண்டும். வெளியிலிருந்து பார்க்கிறவன் மிஷின் கெட்டுப்போச்சு என்றுதான் நினைப்பான். இதை ஸ்வாதி மேடத்திடம் சொல்ல நினைத்தேன். அதற்குள் சீட்டுகளை அடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை, நாளைக் காலையில் மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றுக்கு ஆகாரம் கொடுக்கப்போகிறோம் என்றார்கள். ஊசி வழியாகவே எத்தனை நாள் ஓட்டுவது? பவி அதைக் கேட்டும் அழவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது என்னை. வந்த நாளிலிருந்து அப்படித்தான். நான் இருமினால் அவள் உடம்பு தூக்கிப்போடும். டீ வாங்கப் போனால் திரும்பி வரும் வரை வாசலையே பார்ப்பாள் என்று அமுலு சொன்னாள். "உனக்கு ஒன்னும் ஆவாதே நைனா?" என்று ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது கேட்பாள். "ஆவாது கண்ணு, ஆவாது" என்பேன். அன்றைக்கு மாலை அவள் கேட்டபோது எனக்குப் பொட்டில் அடித்தது போல் இருந்தது. இந்தக் குழந்தை எதற்காக விழுங்கவில்லை என்பது இந்த ஆஸ்பத்திரியில் எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்துகொண்டே சுவரோரம் நிற்கிறேன்.

காலையில் டாக்டரம்மா வரும் நேரத்தில் வராந்தாவுக்குப் போனேன். பேச வராது என்று தெரியும். அதனால் ரத்தப் பரிசோதனைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். எதிரில் வந்ததும் நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார்.

"பவி நைனா, எனக்குத் தமிழ் பேசத்தான் வரும். படிக்க வராது. நீங்களே படிங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வராந்தா முழுக்க ஆட்கள். பிளாஸ்க்கோடு அமுலு பின்னால் வந்து நின்றாள். படித்தேன். "மேடம் அவர்களுக்கு. சத்தியத்தை மீறினால் நைனாவுக்குத்தான் ஆகும் என்று குழந்தையிடம் நான் சொன்னேன். அதற்கு அப்புறம்தான் இப்படி. மன்னிக்கவும். முனிரத்தினம்." என் பேரையும் சேர்த்தே படித்துவிட்டேன்.

"வருசம் பூரா வாயத் தொறக்காத மனுசன்" என்றாள் அமுலு. "தொறந்தது இதுக்குதானா?"

டாக்டரம்மா அவள் தோளைத் தொட்டுவிட்டு நேராக வார்டுக்குள் போனார். பவியின் கட்டிலில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார். "பாப்பா, விழுங்கும்போது நம்பர் தானா வருதா? நீ கூப்பிடாமலே?"

பவி தலையாட்டினாள்.

"நம்பர் வந்தா எண்ணின மாதிரி ஆயிடும். எண்ணினா சத்தியம் போயிடும். சத்தியம் போனா நைனாவுக்கு ஆயிடும். அதனால விழுங்கறதே இல்ல. அப்படியா?"

"எச்சி கூட எண்ணுது மேடம்" என்றாள் பவி. பத்து நாளில் அவள் சொன்ன முதல் விவரம் அதுதான்.

நோயின் பேரை அன்றைக்குத்தான் சொன்னார்கள். ஓசிடி என்கிறார்கள். வேண்டாத ஒரு பயம் மனசுக்குள் வந்து உட்காரும். அதை ஆற்றுவதற்கு எண்ணுவது, தட்டுவது என்று ஒன்றைச் செய்யச் சொல்லும். செய்தால் கொஞ்ச நேரம் ஆறும். மறுபடி வரும், இன்னும் அதிகமாகக் கேட்கும். பிடிவாதமோ பக்தியோ புத்திக் குறைவோ இல்லை.

சேதி கேட்டுக் கோவிந்தன் சித்தூரிலிருந்து ஆட்டோவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். "மேடம், ஒரு நாள் பர்மிசன் குடுங்க. பாப்பாவை அங்கயே கூட்டிக்கினு போய், சாமிகிட்ட சத்தியத்தைத் திருப்பி வாங்கிக்கினு வந்துடறோம். வந்ததும் துன்னுவா பாருங்க."

எனக்கும் அதுதான் வழி என்று பட்டது. டாக்டரம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "போயிட்டு வந்தா இன்னைக்குச் சாப்பிடுவா, சரி. நாளைக்கு வேற பயம் வரும். அதுக்கும் எங்கயாவது போய்த் திருப்பி வாங்கணும். அதுவே இன்னொரு தட்டுறது, எண்ணுறதுதான். பயம் இருக்கும்போதே அவ விழுங்கிப் பழகணும்."

"அப்போ நான் வெச்ச சத்தியம் பொய்யா மேடம்?" கோவிந்தனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"குடிக்கிறது நீங்க செஞ்ச வேலை, நிறுத்தினீங்க. நல்லது, அப்படியே இருங்க. எண்ணுறது அவ செய்யிற வேலை இல்ல. அவளுக்கு வர்றது. வர்றதை வராதேன்னு எப்படிச் சத்தியம் பண்றது?"

அவன் ரொம்ப நேரம் ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான்.

குழாய் போட்டார்கள். நானும் அமுலுவும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டோம். அமுலு என்னோடு மூன்று நாள் பேசவில்லை. ஆனால் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தால் என் பக்கம்தான் அதிகம் தள்ளுவாள்.

ஒரு மாத்திரை ஆரம்பித்தார்கள். அது வேலை செய்யச் சில வாரமாகும் என்றார்கள். அதோடு பயிற்சி. ஸ்வாதி மேடம் தினமும் வந்து ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுப்பார். நம்பர் வந்தால் வரட்டும், அதைத் துரத்தாதே, அதோடு சேர்த்தே விழுங்கு என்பார். எனக்கும் ஒரு பாடம் வைத்தார்கள். அவள் "உனக்கு ஒன்னும் ஆவாதே?" என்று கேட்டால் "ஆவாது" என்று சொல்லக் கூடாது. அந்த ஒரு சொல்லும் பயத்துக்குப் போடுகிற தீனியாம். "தெரியாதும்மா" என்று மட்டும் சொல்ல வேண்டும்.

என் வாழ்நாளில் பேசாமல் இருப்பது கஷ்டமாக இருந்தது அந்த நாட்களில்தான். "ஆவாது" என்ற ஒரே சொல்லுக்காக ஒரு குழந்தை என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நான் "தெரியாதும்மா" என்கிறேன். முதல் நாள் என்னைக் கையால் அடித்தாள். "நீ கெட்ட நைனா" என்றாள். இரண்டாம் நாள் தண்ணீரை என் சட்டை மேலேயே துப்பினாள். மூன்றாம் நாள் ஒரு ஸ்பூன் உள்ளே போனது. "மூணு வந்துடிச்சு நைனா, மூணு வந்துடிச்சு" என்று கத்தினாள். சாயங்காலம் வரை என் மூக்குக்கு முன்னால் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தாள். அப்படிப் பார்ப்பதையும் குறைக்க வேண்டும் என்று எழுதி வைத்தார் ஸ்வாதி மேடம்.

மறுநாள் மத்தியானம். அமுலு துணி துவைக்கப் போயிருந்தாள். நான் கட்டிலுக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். பதினாலு நாள் தூக்கம் அப்படியே வந்து அமுக்கிவிட்டது. சுவரில் சாய்ந்ததுதான் தெரியும்.

விழித்தபோது கழுத்து வலித்தது. வெயில் ஜன்னலை விட்டு நகர்ந்திருந்தது. பவி கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னமெல்லாம் ஈரம். நான் பதறி எழுந்ததும் நர்ஸ் பக்கத்தில் வந்து, தெலுங்கில் மெல்லச் சொன்னார். நான் தலை தொங்கிச் சாய்ந்ததைப் பார்த்துக் குழந்தை பயந்துபோனதாம். என்னை எழுப்பக் கையை நீட்டியதாம். பாதியில் இழுத்துக்கொண்டதாம். மறுபடி நீட்டி, மறுபடி இழுத்துக்கொண்டு, அழுதுகொண்டே உட்கார்ந்திருந்ததாம். அப்புறம் யாரும் சொல்லாமல் தானாகவே தண்ணீரை எடுத்துக் குடித்ததாம்.

கட்டில் பக்கத்து ஸ்டாண்டின் மேல் ஸ்பூன் வைத்த இடத்திலேயே இருந்தது. டம்ளர் அவள் மடியில் இருந்தது. அதில் தண்ணீர் இல்லை. எத்தனை விழுங்கு என்று நான் கேட்கவில்லை.